ஐந்தரைக் கட்டையும் எட்டாம் வகுப்பும்

கேள்வி: எனக்கு வயது 41. கும்பகோணம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். சின்ன வயதில் வர்ணம் வரை பாட்டு கற்றுக்கொண்டு, கல்யாணத்தோடு விட்டுவிட்டேன். இரண்டு வருடமாக மறுபடியும் வகுப்புக்குப் போகிறேன். அங்கே என்னைத் தவிர எல்லாரும் காலேஜ் பெண்கள்; ஐந்தரைக் கட்டை சுருதி (கட்டை எண் கூடினால் சுருதியின் உயரம் கூடும்). தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு முக்கால் மணி நேரம் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்கிறேன். மேல் ஷட்ஜத்துக்கு (மேல் ஸ) போனாலே கழுத்து நரம்பு புடைக்கிறது, குரல் உடைகிறது. வியாழக்கிழமைக்குள் பேச்சே கரகரத்துவிடுகிறது. ஞாயிறு வாய் திறக்காமல் இருந்தால் தெளிகிறது, செவ்வாய் புதனில் பழைய கதை. மூன்று மாதமாக இப்படித்தான். "வாய்விட்டுப் பாடு, பாடப் பாடச் சரியாகும்" என்கிறார் எங்கள் பாட்டு மாமி. அதிமதுரம், மிளகுப் பால், பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று. மார்கழியில் எங்கள் தெருக் கோயில் பஜனையில் பாட ஒப்புக்கொண்டிருக்கிறேன், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. என்ன பயிற்சி செய்யலாம்? வயதாகிவிட்டதா? பாட்டை விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில்:

வணக்கம் டீச்சர்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாட்டை விட வேண்டாம். 41 எல்லாம் ஒரு வயதும் இல்லை. ஆனால் அந்த விடியற்காலை முக்கால் மணி சாதகத்தை நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று விவரமாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைக் கேமரா வைத்துப் பார்த்துவிடுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினாலே பார்த்துவிடச் சொல்வது குரல் சிகிச்சையில் இருக்கும் எங்கள் வழக்கம். நீங்கள் மூன்று மாதம் ஓட்டிவிட்டீர்கள். சில நிமிட வேலைதான். உங்கள் ஊருக்குத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். தனியாரிடம் போவதானால் ஸ்ட்ரோபோஸ்கோப் வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். குரல் நாண்கள் அதிர்வதை மெதுவாக்கிக் காட்டும் கருவி அது. சாதாரண கேமராவுக்குத் தப்பும் சின்னக் கோளாறும் அதில் தெரிந்துவிடும்.

நாண்களில் தடிப்பு இருப்பதாகச் சொன்னால் பதற வேண்டாம். ஓயாமல் மோதி மோதி இரண்டு நாண்களிலும் எதிரெதிரே சின்னதாகக் காய்ப்பு விழும். பாடுகிறவர்களுக்கும் டீச்சர்களுக்கும் அடிக்கடி வருவதுதான். பெரும்பாலும் கத்தி வைக்காமல், குரலைப் பயன்படுத்தும் விதத்தை மாற்றியே சரிசெய்துவிடலாம். ஞாயிறு ஓய்வில் உங்கள் குரல் தெளிகிறது என்பது நல்ல அறிகுறி. ஆனாலும் உள்ளே பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உறுதி சொல்ல என்னால் முடியாது. எச்சிலில் ரத்தம், விழுங்குவதில் சிரமம், மூச்சுத் திணறல், கழுத்தில் கட்டி, இதில் ஏதாவது இருந்தால் நாளைக்கே போங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்து போனாலும் அப்படித்தான். அந்த நிமிடமே பாட்டையும் பேச்சையும் நிறுத்திவிட வேண்டும், நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கு போடுவோம். பெண்கள் சாதாரணமாகப் பேசும்போது குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆறு பீரியட் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியெல்லாம் கழித்து, உண்மையில் குரல் ஒலிக்கும் நேரம் ஒன்றரை மணிதான் என்றாலும் 10 லட்சம் மோதலைத் தாண்டிவிடுகிறது. வகுப்பில் யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. ஃபேன் சத்தம், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, கடைசி பெஞ்சின் கச்சேரி எல்லாவற்றுக்கும் மேலே கேட்க வேண்டும். அப்போது மோதலின் எண்ணிக்கையோடு வேகமும் கூடும். இதற்கெல்லாம் முன்னால், விடியற்காலையிலேயே, ஐந்தரைக் கட்டையில் முக்கால் மணி நேரம் பாடிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறீர்கள். உங்கள் குரல் வியாழக்கிழமை வரை தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். பாட்டு மாமியின் மற்ற மாணவிகளுக்கு இந்தப் பகல் நேர வேலை கிடையாது. அதனால் அவர்களுக்குச் சரிப்படும் அதே சாதகம் உங்களுக்குச் சுமையாகிறது.

ஆகவே முதல் பயிற்சி பள்ளிக்கூடத்துக்கு. இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கரும் தலையில் மாட்டும் மைக்கும் சேர்ந்து ஆன்லைனில் கிடைக்கின்றன. வாங்கிவிடுங்கள். ஊர்ச் சுற்றுலா கைடு மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் இரண்டு நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். 2002இல் அமெரிக்காவில் குரல் பாதிப்புள்ள ஆசிரியர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மைக் பயன்படுத்தியவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. "தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள்" வகை அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்குச் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. அறிவுரை சொல்லியே பிழைக்கும் எங்களுக்குக் கொஞ்சம் கசப்பான முடிவுதான், என்ன செய்வது. வகுப்பை அமைதிப்படுத்தக் கத்துவதற்குப் பதில் டஸ்டரால் மேஜையைத் தட்டுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடமாவது பேசாமல் இருங்கள். ரகசியக் குரலில் கிசுகிசுப்பது ஓய்வு ஆகாது. பலர் அப்படிப் பேசும்போது தொண்டையை இன்னும் இறுக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது சுருதி. உங்கள் பிரச்சினையின் மையமே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாழ்ந்த ஸ்வரம் பாடும்போது குரல் நாண்கள் தடித்து, குறுகி இருக்கும். மேலே போகப் போக நீண்டு மெலிய வேண்டும். இரண்டு வேலைக்கும் வேறு வேறு தசைகள். ஒரு தசையின் பிடி தளர்ந்து மற்றதன் பிடி கூடும் இடம் ஒன்று உண்டு. பெண்களில் பலருக்கு அது நொடிக்கு 300 முதல் 350 அதிர்வு வரையிலான இடத்தில் வரும். ஐந்தரைக் கட்டையில் ஆதார ஷட்ஜம் (ஸ) சுமார் 208 அதிர்வு, பஞ்சமம் (ப) 311, ஆரம்பப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையின் தைவதம் (த) சுமார் 330, மேல் ஷட்ஜம் 415. அதாவது பஞ்சமத்தைத் தாண்டி நிஷாதத்துக்கு (நி) போவதற்குள் நாண்கள் தங்கள் உருவத்தை மாற்றிக்கொண்டாக வேண்டும். மாற்றாமல், கீழே பாடிய அதே தடித்த குரலை அப்படியே தூக்கிக்கொண்டு மேலே போனால் என்ன ஆகும்? அதிகக் காற்றழுத்தம் தேவைப்படும், நாண்கள் பலமாக மோதும், கழுத்துத் தசைகள் உதவிக்கு ஓடிவரும். நரம்பு புடைப்பது அப்போதுதான். தசைகளுக்கும் ஒரு எல்லை உண்டல்லவா, அது வந்ததும் குரல் உடைகிறது.

ஏன் அப்படித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால், கள்ளக்குரல் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். நம் சங்கீதத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அந்தப் பயத்தில் பல பெண்கள் மேல் ஸ்தாயியை (மேல் ஷட்ஜத்திலிருந்து மேலே உள்ள ஸ்வரங்களை) முட்டித் தள்ளிப் பாடுவதை வாராவாரம் பார்க்கிறேன். காற்றுக் கசிந்து, நாண்கள் சரியாகச் சேராமல் வரும் மெல்லிய குரல்தான் கள்ளக்குரல். நாண்கள் மெலிந்து, ஆனால் ஒழுங்காகச் சேர்ந்து அதிர்ந்தால் வருவது லேசான, நேர்த்தியான குரல். அது கள்ளமும் இல்லை, பொய்யும் இல்லை. மேல் ஸ்தாயியில் அசராமல் நின்று பாடுகிற பாடகிகளைக் கவனித்துக் கேளுங்கள். அங்கே அவர்கள் கனத்தைக் குறைத்திருப்பது தெரியும்.

"வாய்விட்டுப் பாடு" என்று மாமி சொல்வதில் தவறு இல்லை. வாயைத் திறந்து, எழுத்தை விழுங்காமல் பாடு என்ற பொருளில் அது நல்ல அறிவுரை. சத்தமாகப் பாடு என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் வினை வருகிறது. மைக் இல்லாத காலத்தில் நாடக மேடையிலும் கோயில் பிராகாரத்திலும் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாட வேண்டியிருந்தது. உச்ச சுருதிக்கு அப்போது ஒரு நியாயம் இருந்தது. இன்று வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் நிற்கிறது. ஐந்தரைக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் கௌரவம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கர்நாடக சங்கீத வித்வான் எம்.டி. ராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியில் பாடித்தானே தனக்கென்று ஒரு இடம் பிடித்தார்?

உங்கள் சுருதியை இப்படிக் கண்டுபிடியுங்கள். தொண்டை நன்றாக இருக்கும் ஒரு ஞாயிறு மாலை, தம்பூரா ஆப்பை நாலரைக் கட்டையில் வையுங்கள். மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் ப) வரை இறங்கிப் பாருங்கள். அங்கே எழுத்து காற்றாகிப் போகாமல் ஸ்வரமாகக் கேட்க வேண்டும். அப்புறம் மேல் காந்தாரம் (மேல் க) வரை ஏறுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அவரோடு பேசும் அளவு சத்தம் போதும். முகவாய் தூக்காமல், புருவம் நெறியாமல் தொட முடிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இரண்டு முனையும் கைக்கு எட்டினால் அதுதான் உங்கள் சுருதி. எட்டாவிட்டால் அரைக் கட்டை இப்படியோ அப்படியோ நகர்த்துங்கள். நாலரைக்கு வந்தால் மேல் ஷட்ஜம் 415இலிருந்து 370 அதிர்வுக்கு இறங்கிவிடும். ஒரு முழுக் கட்டை இறக்கம் தொண்டைக்கு எவ்வளவு என்று முதல் நாளே தெரிந்துவிடும். நாற்பதுக்கு மேல் பெண்களின் குரல் மெல்ல மெல்லக் கனப்பதும் இயல்புதான். வயதாகிவிட்டதா என்று கேட்டீர்களே, அதற்கு இவ்வளவுதான் பதில்.

இன்னொன்று, தம்பூரா ஆப்பின் சத்தத்தைக் குறையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். 1911இல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் கவனித்துச் சொன்னது இது. மொபைலில் தம்பூராவை முழு வால்யூமில் அலறவிட்டு அதற்கு மேலே சாதகம் செய்கிறவர்களுக்கு வகுப்பறையும் வீடும் ஒன்றுதான்.

இனி பயிற்சி. முதல் இரண்டு வாரத்துக்கு மேல் ஸ்தாயியே கிடையாது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. எழுந்தவுடன் வேண்டாம். குளித்து, காபி குடித்து, வீட்டில் நாலு வார்த்தை பேசி, குரல் விழித்த பிறகு ஒரு தடவை. பள்ளியிலிருந்து வந்து அரை மணி நேரமாவது வாய்க்கு ஓய்வு கொடுத்த பிறகு இன்னொரு தடவை.

ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுங்கள். அதில் ஒரு ஸ்ட்ராவின் நுனியை ஒரு விரல்கடை ஆழம் மட்டும் விடுங்கள். காகித ஸ்ட்ரா ஊறிப் போய்விடும், ஸ்டீல் ஸ்ட்ரா ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். உதட்டால் சுற்றி மூடிக்கொண்டு, பல்லால் கடிக்காமல், "ஊ" என்று பேசும் சுருதியில் ஒலி எழுப்புங்கள். தண்ணீரில் குமிழி வர வேண்டும், கூடவே குரலும் கேட்க வேண்டும். குமிழி சீராக, ஒரே அளவாக வருகிறதா என்பதுதான் சோதனை. குபுக் குபுக்கென்று விட்டுவிட்டு வந்தால் காற்றை முட்டித் தள்ளுகிறீர்கள். குமிழியே நின்றுபோய்க் குரல் மட்டும் கேட்டால் காற்று மூக்கு வழியாகப் போகிறது. ஒரே ஸ்வரத்தில் சீராக வந்த பிறகு, கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போய், அப்படியே வழுக்கிக் கீழே வாருங்கள். ஸ்வர ஸ்தானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் போதும்.

பார்க்க விளையாட்டாக இருக்கும். ஆனால் குரல் சிகிச்சையில் இன்று பரவலாகப் பயன்படுகிற பயிற்சி வகை இது. வாய்ப் பக்கம் பாதி அடைபட்டிருப்பதால் காற்றழுத்தம் திரும்பி வந்து நாண்களுக்கு மேலே நிற்கிறது. அந்த அழுத்தத்தில் நாண்கள் பலமாக மோதாமல் மெதுவாகச் சேர்ந்து பிரிகின்றன. குறைந்த உழைப்பில் குரல் எடுப்பது எப்படி இருக்கும் என்பது உடம்புக்கே புரிகிறது. இங்கோ டிட்சே என்ற அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இதன் இயற்பியலை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பள்ளியில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டம்ளரில் குமிழி விட முடியாது, தெரியும். அங்கே வெறும் ஸ்ட்ராவைக் காற்றிலேயே வைத்து, யாருக்கும் கேட்காத அளவில் செய்யலாம். பீரியடுக்கு நடுவில் அரை நிமிடம் கிடைத்தாலும் பலன் உண்டு.

அடுத்து உதட்டு அதிர்வு. பஸ் ஓட்டி விளையாடும் குழந்தைகள் "ப்ர்ர்ர்" என்று எழுப்பும் சத்தமேதான். உதடு நின்றுவிட்டால் இரண்டு கன்னத்தையும் விரலால் லேசாக மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தச் சத்தத்திலேயே ஸரளி வரிசையின் (ஸ ரி க ம என்ற ஆரம்பப் பாடம்) முதல் வரியை, முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்), பஞ்சமம் வரை மட்டும் ஏற்றி இறக்குங்கள். பிறகு வாயை மூடி "ம்". பல் வரிசைகள் தொடாமல், நாக்கு தளர்ந்து கிடக்க வேண்டும். உதட்டிலும் மூக்கின் பக்கவாட்டிலும் குறுகுறுப்பு தெரிந்தால் சரி. தொண்டையில் மட்டும் அதிர்வு தெரிந்தால் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், மேலே வந்துவிடும். அந்தக் குறுகுறுப்பை விடாமல் "ம்மா", "ம்மீ", "ம்மூ" என்று திறந்து, ஒரு ஸ்வரத்துக்கு ஒன்றாக, மந்திர பஞ்சமம் வரை இறங்கி வாருங்கள். மந்திர ஸ்தாயி சாதகம் என்று பழைய ஆட்கள் வற்புறுத்தியதைத்தான் நானும் சொல்கிறேன். ஆனால் அழுத்தாமல். ஆழத்துக்காக முகவாயை நெஞ்சோடு ஒட்டி, குரலை அமுக்கி இறக்கினால் அதுவும் இறுக்கம்தான்.

மூன்றாவது வாரம் மேல் ஸ்தாயியைத் தொடலாம், ஆனால் கீழிருந்து ஏறிப் போக வேண்டாம். மேலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்ட்ராவில் வழுக்கிக்கொண்டு மேல் ஷட்ஜத்துக்குப் போய், அங்கேயே ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, அதே லேசான "ஊ"வில் ஸ, நி, த, ப என்று இறங்குங்கள். தூங்கும் குழந்தையை எழுப்பாத அளவு சத்தம். பஞ்சமத்துக்கு வந்ததும் குரலைக் கனக்க வைக்கத் தோன்றும், கனக்க விடாதீர்கள். மேலே இருந்த லேசை மத்திமம், காந்தாரம் வரை கீழே கொண்டுவாருங்கள். ஏறும்போது கனத்தை மேலே கொண்டுபோகும் பழக்கத்துக்கு நேர் எதிர்ப் பழக்கம் இது. ஆரம்பத்தில் நடுவில் ஓரிடத்தில் குரல் தடுக்கும், உடையும். உடையட்டும். உடைவதை மறைக்கச் சத்தம் கூட்டாதீர்கள். நாளாக ஆக அந்த உடைப்பின் அகலம் குறையும். ஒரு வாரம் தொடர்ந்து சீராக வந்த பிறகு "ஓ", அப்புறம் "ஆ". அகாரம் கடைசியில்தான், ஏனென்றால் இந்த இடத்தில் கனத்தை மிக எளிதாக உள்ளே விடும் எழுத்து அதுதான்.

சாகித்தியத்தில் (பாட்டின் சொற்களில்) வேறொரு சிக்கல் வரும். அனுபல்லவியில் (பாட்டின் இரண்டாம் பகுதி) மேல் ஷட்ஜத்துக்கு மேலே "நீ", "ஸ்ரீ" போல ஈகாரம் விழுந்தால் பலருக்கும் தொண்டை அடைக்கும். வாயை ஒடுக்கிப் பாடும் ஈகாரத்துக்கு இயல்பாக இடம் கொடுக்கும் அதிர்வு எண்ணை நாம் பாடும் ஸ்வரமே தாண்டிவிடுவதுதான் காரணம். தாடையைக் கொஞ்சம் இறக்கி, "ஈ"யை "ஏ" பக்கமாகச் சற்றே சாய்த்துப் பாடுங்கள். உங்களுக்குத்தான் உச்சரிப்பு தவறுவது போல இருக்கும், கேட்கிறவருக்கு "ஈ" என்றேதான் கேட்கும். சந்தேகம் இருந்தால் மொபைலில் பதிவு செய்து கேளுங்கள்.

ஜண்டை வரிசையின் (இரட்டை ஸ்வரப் பாடம்) அழுத்தம், இரண்டாம் மூன்றாம் காலம், பிருகா (வேகமான ஸ்வர உருட்டல்) எல்லாம் இப்போது தள்ளிவைக்க வேண்டியவை. குரல் களைத்திருக்கும்போது வேகம் பழகினால் தாடையை ஆட்டியும் தொண்டையால் வெட்டியும் ஒப்பேற்றத் தோன்றும், அது பழக்கமாகிவிட்டால் எடுப்பது கஷ்டம். எந்தப் பயிற்சியானாலும் முடிக்கும்போது ஒரு நிமிடம் ஸ்ட்ராவிலோ "ம்" என்றோ மேலிருந்து கீழே வழுக்கி இறங்கி முடியுங்கள்.

"அடிவயிற்றிலிருந்து பாடு" என்பதையும் கேட்டிருப்பீர்கள். அடிவயிற்றில் காற்று கிடையாது. மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் இறங்குவதால் வயிறு முன்னே வரும், கீழ் விலா விரியும். பாடும்போது அந்த விலாவின் விரிவைச் சட்டென்று சரியவிடாமல், மெல்ல மெல்ல விட வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். வயிற்றைக் கல்லாக இறுக்கிக்கொண்டு பாடினால் தொண்டையும் சேர்ந்து இறுகும். விலாவில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று ஒரே அளவில் 15, 20 நொடி விட்டுப் பாருங்கள். கையை விலா தள்ளிக்கொண்டிருக்கும் வரை சரி.

உட்காரும் விதத்தையும் கவனியுங்கள். சம்மணமிட்டு வெறும் தரையில் உட்கார்ந்து, தரையில் கிடக்கும் நோட்டைக் குனிந்து பார்த்துப் பாடினால் மூச்சும் மடங்கும், குரல்வளையும் மடங்கும். ஒரு போர்வையை மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள், இடுப்பு முட்டியை விட உயரும், முதுகு தானாக நிமிரும். நோட்டு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

அதிமதுரம், பனங்கற்கண்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடாது. தொட்டால் புரையேறிவிடும். இதமாக இருக்கிறது என்றால் குடியுங்கள், சிகிச்சை என்று நினைக்காதீர்கள். அதிமதுரத்தை மட்டும் நாள்தோறும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டாம். அதிகமானால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கற்பூர வாசனை மிட்டாய்கள் தொண்டையை மரத்துப்போகச் செய்து, வலி என்ற எச்சரிக்கையை மறைத்துவிடும். அதைச் சப்பிக்கொண்டு பாடுவது ஆபத்து. தண்ணீரும் நேராக நாண்களுக்குப் போகாது, உடம்பு வழியாகத்தான் போய்ச் சேரும். அதனால் பாடுவதற்கு முன் ஒரு சொம்பு குடிப்பதை விட நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே பயன். ஆவி பிடிப்பது மட்டும் நேராகப் போய்ச் சேரும். வெந்நீர் ஆவியே போதும், தைலம் எதுவும் வேண்டாம். ராத்திரி ஒன்பதரைக்கு அடை சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுக்கிற வழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வயிற்று அமிலம் மேலே ஏறிக் குரல்வளையைப் புண்ணாக்குவது காலைக் கரகரப்புக்கு ஒரு காரணம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் விடுங்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் மோதல்தான். கனைக்கத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள்.

பாட்டு மாமியிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். கேமராப் படமும் டாக்டர் சீட்டும் கையில் இருந்தால் பேச்சு எளிதாகிவிடும். "டாக்டர் மூன்று மாதத்துக்கு நாலரைக் கட்டையில்தான் பாடச் சொல்லியிருக்கிறார் மாமி" என்று என் பேரையும் சேர்த்துப் போட்டுச் சொல்லுங்கள். தனியாக அரை மணி நேரம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் குழுவோடு உட்காருங்கள், கீழ், மத்திய ஸ்தாயி வரிகளை மெல்லப் பாடுங்கள். மேல் ஸ்தாயி வரும்போது வாயை மூடித் தாளம் போட்டுக்கொண்டு மனதுக்குள் பாடுங்கள். மனதுக்குள் பாடினாலும் பாடாந்தரம் (குரு சொல்லித்தரும் பாட்டு முறை) பதியும், தொண்டை செலவாகாது.

மார்கழிக்கு ஒப்புக்கொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம், டாக்டர் சரி என்று சொன்னால். ஆனால் முப்பது நாளும் முழு பஜனையும் என்று ஏற்காதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது வாரக் கடைசி மட்டும் என்று பேசி வையுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடும் அந்தப் பத்து நாளில் வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். பனியில் பாட்டு ஆரம்பிக்கும் முன் வீட்டிலேயே ஸ்ட்ராவில் ஐந்து நிமிடம் குரலைத் தயார் செய்துவிட்டுக் கிளம்புங்கள். கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். நாலரைக் கட்டை என்று ஹார்மோனியக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, மைக் செட்காரரிடம் ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பாடுகிறவர்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். ஜால்ராவுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் தன் குரல் தனக்கே கேட்காவிட்டால், இத்தனை நாள் பழகியதை மறந்து கத்த ஆரம்பித்துவிடுவீர்கள்.